ஏ2–பி1-ஆ, பி1–பி2-ஆ? நார்வே மொழித் தேர்வில் எதற்குப் பதிவு செய்வது

நார்வேக்கு வந்து மூன்று நான்கு வருடம் ஆன நம் ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால், விலைவாசி, குளிர், ஊருக்கு டிக்கெட் எல்லாம் பேசி முடித்த பிறகு பேச்சு கட்டாயம் ஒரு இடத்தில் வந்து நிற்கும்: நோர்ஸ்க்ப்ரோவனுக்குப் பதிவு செய்யணும், எந்த லெவல் போடறது? போன வாரம்கூட ஒரு தோழி போனில் இதையே கேட்டாள். ஒரு மணி நேரம் பேசினோம். அதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதிவைத்தால் அடுத்து கேட்பவர்களுக்கும் உதவும் என்று தோன்றியது, ஏனென்றால் மொழி வராமல் தோற்றவர்களை விட, தேர்வு எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று தெரியாமல் காசையும் மாதங்களையும் விட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு தடவை அப்படி விட்டிருக்கிறேன், அதையும் கீழே சொல்கிறேன்.

நோர்ஸ்க் என்றால் நார்வே மொழி, ப்ரோவ என்றால் தேர்வு. வெளிநாட்டிலிருந்து வந்த பெரியவர்களுக்காக அரசு நடத்தும் தேர்வு இது. பொறுப்பு ஹெச்கே-டிர் என்று சுருக்கமாக அழைக்கப்படும் உயர்கல்வி, திறன் இயக்குநரகத்திடம். 2014-இல் பழைய தேர்வுகளை எடுத்துவிட்டு இந்த வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். ஐரோப்பா முழுவதும் பயன்படுத்தும் அதே ஏ1, ஏ2, பி1, பி2 அளவுகோல்தான், ஏ1 அடிப்படி, பி2 இந்தத் தேர்வின் உச்சிப்படி. இதற்கு மேல் சி1-க்குத் தனியாக ஒரு தேர்வு இருக்கிறது, பெரும்பாலானவர்களுக்கு அது இப்போதைக்குத் தேவைப்படாது.

மிக முக்கியமாக மனதில் வைக்க வேண்டியது, இது ஒரே தேர்வு இல்லை, நான்கு தேர்வுகள். வாசிப்பு, கேட்டுப் புரிதல், எழுத்து, பேச்சு என்று நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதிவு செய்யலாம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முடிவு வரும், ஒன்றில் சறுக்கினால் அதை மட்டும் அடுத்த சுற்றில் எழுதலாம். நம் ஊரில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு எழுதிப் பழகிய நமக்கு "மொத்தமாகப் பாஸ், மொத்தமாக ஃபெயில்" என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. இங்கே அப்படி ஒரு மொத்த மதிப்பெண்ணே கிடையாது. என் சான்றிதழில் ஒரு காலத்தில் பேச்சு பி2, எழுத்து பி1 என்று இருந்தது, அதில் தப்பு ஒன்றும் இல்லை.

சரி, இப்போது லெவல் விஷயம்.

வாசிப்பும் கேட்பதும் கணினியில் நடக்கும், நீங்கள் சரியாகப் பதில் சொல்லச் சொல்லக் கேள்விகள் கடினமாகிக்கொண்டே போகும், தடுமாறினால் எளிதாகும். அதனால் அந்த இரண்டுக்கும் லெவல் தேர்ந்தெடுக்கும் தலைவலி இல்லை. தலைவலி எழுத்துக்கும் பேச்சுக்கும்தான். அங்கே ஏ1–ஏ2, ஏ2–பி1, பி1–பி2 என்று மூன்று கதவுகள், பதிவு செய்யும்போதே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்த கதவுக்குள் இருக்கும் இரண்டு நிலைகளில் ஒன்றுதான் உங்களுக்குக் கிடைக்கும், அல்லது இரண்டுமே கிடைக்காது.

இதில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். உங்களுக்கு பி1 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பி1-க்கு இரண்டு வழி இருக்கிறது. ஏ2–பி1 தேர்வில் அது மேல்படி. பி1–பி2 தேர்வில் அது கீழ்ப்படி. ஏ2–பி1 எடுத்து கொஞ்சம் குறைந்துபோனால் ஏ2 கையில் நிற்கும். பி1–பி2 எடுத்து அதே அளவு குறைந்துபோனால் முடிவில் "பி1-க்குக் கீழ்" என்று மட்டும் இருக்கும், உங்களுக்கு ஏ2 நன்றாகவே வரும் என்பதைக்கூட அந்தத் தாள் சொல்லாது. எதற்கும் பயன்படாத தாள் அது. மறுபக்கம், ஏ2–பி1 தேர்வில் நீங்கள் எவ்வளவு பிரமாதமாகப் பேசினாலும் பி1-க்கு மேல் கொடுக்க அவர்களால் முடியாது.

நான் முதல் தடவை பேச்சுத் தேர்வுக்கு பி1–பி2 போட்டேன். "நீ நல்லாதான் பேசுறே, ஏன் கீழே போடறே" என்று சுற்றி இருந்தவர்கள் சொன்னார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றியது, கடையில், பிள்ளையின் பள்ளியில், பக்கத்து வீட்டில் எல்லாம் தடங்கலில்லாமல் பேசிக்கொண்டிருந்தேன். தேர்வறையில் நடந்தது வேறு. அன்றாட வாழ்க்கையைப் பற்றிக் கேட்டவரைக்கும் நன்றாகப் போனது. பிறகு ஒரு சமூக விஷயத்தைக் கொடுத்து என் கருத்தைச் சொல்லி, அதற்குக் காரணம் சொல்லி, எதிர்க்கருத்தையும் எடைபோடச் சொன்னபோது எனக்கு வார்த்தை வரவில்லை. கருத்து இருந்தது, தமிழில் என்றால் அரை மணி நேரம் பேசியிருப்பேன். "ஒருபக்கம் இப்படி, மறுபக்கம் அப்படி", "அது எதைப் பொறுத்தது என்றால்" மாதிரியான இணைப்புத் தொடர்கள் நார்வே மொழியில் என் வாயில் பழகியிருக்கவில்லை. முடிவு "பி1-க்குக் கீழ்". அடுத்த சுற்றில் ஏ2–பி1 போட்டேன், பி1 வந்தது. இடையில் என் மொழி ஒன்றும் பெரிதாக வளர்ந்துவிடவில்லை. கேட்ட கேள்வி மாறியது, அவ்வளவுதான்.

இரண்டு தேர்வுக்கும் வித்தியாசம் கடினத்தில் மட்டும் இல்லை, கேட்கும் விஷயத்திலேயே இருக்கிறது. ஏ2–பி1-இல் உங்கள் வீடு, வேலை, குடும்பம், பார்த்த ஊர், செய்த பயணம், ஒரு படத்தில் என்ன நடக்கிறது, இருவர் சேர்ந்து ஒரு விழாவுக்கு எப்படித் திட்டமிடுவது, இந்த மாதிரி. "எனக்கு இது பிடிக்கும், ஏனென்றால்..." என்ற அளவுக்குக் கருத்துச் சொல்ல வேண்டும். பி1–பி2-இல் உங்களைச் சுற்றியுள்ள சமூகத்தைப் பற்றிப் பேசத் தெரிய வேண்டும். பள்ளியில் போன் வைத்திருக்கலாமா, முதியவர்களை யார் பார்த்துக்கொள்வது, வீட்டிலிருந்து வேலை செய்வது நல்லதா போன்ற கேள்விகளைப் பழகிக்கொள்ளுங்கள். சரியான கருத்து எது என்று அவர்கள் தேடுவதில்லை, நீங்கள் ஒரு நிலைப்பாட்டை எடுத்து அதைத் தாங்கிப் பேச முடிகிறதா என்று பார்க்கிறார்கள். நம்மில் பலருக்கு, குறிப்பாக வயதில் மூத்த பெண்களுக்கு, முன்பின் தெரியாத அதிகாரி முன்னால் "நான் இதை ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்வதே கூச்சமாக இருக்கிறது. அந்தக் கூச்சத்தை வீட்டிலேயே, தமிழிலேயே பேசிப் பேசிப் போக்கிக்கொண்ட பிறகுதான் நார்வே மொழிக்கு வர வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

பேச்சுத் தேர்வில் இன்னொரு விஷயம், நீங்கள் தனியாகப் போவதில்லை, தேர்வு எழுத வந்த இன்னொருவரோடு ஜோடியாகத்தான் உட்கார வைப்பார்கள். சில பகுதி தனியாக, சில பகுதி இருவரும் பேசிக்கொள்வது. இரண்டு மதிப்பீட்டாளர்கள் கவனிப்பார்கள். ஜோடி நன்றாகப் பேசுகிறவராக அமைந்தால் நாம் அமுங்கிவிடுவோம், திக்குகிறவராக அமைந்தால் நம்மையும் இழுத்துவிடுவார் என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். மதிப்பீடு ஆளுக்குத் தனித்தனிதான். ஆனால் உரையாடத் தெரிகிறதா என்பதும் மதிப்பீட்டில் அடங்கும், அதனால் ஜோடியை அமுக்கிவிட்டு ஒரே மூச்சில் பேசுவதும் பிரயோஜனம் இல்லை, அவர் பேசட்டும் என்று மரியாதைக்கு வாயை மூடிக்கொள்வதும் பிரயோஜனம் இல்லை. "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று ஜோடியைப் பார்த்துக் கேட்பதும் மொழித்திறன்தான். அந்த ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

ஆக, ஏ2–பி1-ஆ பி1–பி2-ஆ என்று கேட்டால் நான் கேட்கும் எதிர்க்கேள்வி ஒன்றே ஒன்று: இந்தத் தாளை யாரிடம் காட்டப் போகிறீர்கள்?

குடியுரிமைக்கு என்றால் விஷயம் தெளிவு. 2017 ஜனவரியிலிருந்து பேச்சில் ஏ2 கேட்டார்கள், 2022 அக்டோபர் 1 முதல் அதை பி1 ஆக்கினார்கள். 18 வயது முதல் 67 வயது வரைக்கும் இது பொருந்தும். பேச்சு மட்டும் என்பதைக் கவனியுங்கள். எழுத்து, வாசிப்பு, கேட்டுப் புரிதல் மூன்றும் குடியுரிமைக்குத் தேவையில்லை. இதோடு ஸ்தாட்ஸ்போர்கர்ப்ரோவன் என்ற குடியுரிமைத் தேர்வை நார்வே மொழியில் பாஸ் செய்ய வேண்டும், 36 கேள்விகள், 24 சரியாக இருந்தால் போதும், நார்வேயின் வரலாறு, சட்டம், மக்களாட்சி, அன்றாட வாழ்க்கை பற்றி. அது தெரிவுக் கேள்விகள் உள்ள தேர்வு, உட்கார்ந்து படித்தால் வந்துவிடும். பேச்சு அப்படிப் படித்து வருவதில்லை. எனவே குடியுரிமை மட்டும்தான் இலக்கு என்றால் பேச்சுத் தேர்வுக்கு மட்டும் பதிவு செய்யுங்கள், ஏ2–பி1 போடுங்கள். உங்களுக்கு பி2 வரும் என்றாலும் ஏ2–பி1 போடுங்கள் என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் குடியுரிமை அதிகாரிக்கு பி1-உம் பி2-உம் ஒன்றுதான்.

இங்கே இந்தியத் தமிழர்களும் இலங்கைத் தமிழர்களும் கணக்குப் போடும் விதம் வேறு. 2020 ஜனவரி 1 முதல் நார்வே இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது, ஆனால் இந்தியா அனுமதிப்பதில்லை. நார்வே பாஸ்போர்ட் வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும், ஓசிஐ அட்டைதான் மிஞ்சும். அதனால் இந்தியாவிலிருந்து வந்தவர்களில் நிறையப் பேர் நிரந்தர வசிப்பு உரிமையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நிரந்தர வசிப்புக்குக் கேட்கும் பேச்சு நிலை குடியுரிமையை விடக் குறைவு, சமூக அறிவுத் தேர்வையும் உங்களுக்குப் புரியும் மொழியில் எழுதலாம். இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன, விண்ணப்பிக்கும் மாதத்தில் யு.டி.ஐ. எனப்படும் குடிவரவு இயக்குநரகத்தின் தளத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு, மூன்று வருடம் முன்னால் விண்ணப்பித்த நண்பர் சொன்னதை நம்பாதீர்கள். நான் இங்கே சொல்வதற்கும் அது பொருந்தும்.

வேலைக்கு, படிப்புக்கு என்றால் கதையே மாறிவிடும். அங்கே நான்கு பகுதியும் வேண்டும், பெரும்பாலும் பி2 வேண்டும்.

மருத்துவத் துறையில் இருப்பவர்கள் நிறையப் பேர் கேட்கிறார்கள் என்பதால் அதை முதலில் சொல்கிறேன். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே படித்த டாக்டர், நர்ஸ், பல் மருத்துவர் இங்கே வேலை செய்ய சுகாதார இயக்குநரகத்தின் அங்கீகாரம் வேண்டும், அதற்கு மொழிச் சான்று பி2 நிலையில் இருக்க வேண்டும். மொழிச் சான்று முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள், அதற்குப் பிறகு நார்வேயின் சுகாதாரச் சட்டம், அமைப்பு பற்றிய பாடநெறி, மருந்து கையாளும் பயிற்சி, துறை சார்ந்த தேர்வு என்று வரிசையாக இருக்கிறது. ஒவ்வொன்றும் நார்வே மொழியில். ஊரில் பத்து வருடம் வார்டில் வேலை பார்த்த நர்ஸ் ஒருவர் இங்கே வந்து வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது மனது வலிக்கிறது, அதனால்தான் வந்த முதல் வருடத்திலேயே மொழியைத் தொடங்குங்கள் என்று எல்லாரையும் பிடித்துப் பிடித்துச் சொல்கிறேன். இவர்கள் ஏ2–பி1 பக்கமே போக வேண்டியதில்லை, பி1 உறுதியான பிறகு நேராக பி1–பி2. அது உறுதியாகும் வரைக்கும் பதிவு செய்யாமல் காத்திருப்பதுதான் லாபம்.

பல்கலைக்கழகத்தில் நார்வே மொழியில் படிக்க வேண்டும் என்றால் மூன்று பாதைகள் பேசப்படும். ஒன்று நோர்ஸ்க்ப்ரோவனில் நான்கு பகுதியிலும் பி2. இரண்டாவது பெர்கன்ஸ்டெஸ்டன், அதாவது பெர்கன் ஊரில் உருவான உயர்நிலைத் தேர்வு, ஃபோல்க்யூனிவர்சிடெடெட் என்ற வயது வந்தோர் கல்வி நிறுவனம் நடத்தி வந்தது. மூன்றாவது ட்ரின் 3, பல்கலைக்கழகங்கள் தாங்களே நடத்தும் மொழிப் பாடத்தின் மூன்றாம் படி.

பத்துப் பதினைந்து வருடம் முன்னால் வந்தவர்களைக் கேட்டால் எல்லாரும் பெர்கன்ஸ்டெஸ்டைத்தான் சொல்வார்கள், அந்தக் காலத்தில் அதுதான் பெயர் பெற்ற தேர்வு. அதன் சான்றிதழ் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், புதிதாக எதுவும் எழுத வேண்டியதில்லை. ஆனால் இன்று புதிதாகத் தொடங்குகிற ஒருவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். காரணம் அதன் தரம் இல்லை. நோர்ஸ்க்ப்ரோவனின் பகுதி பகுதியான அமைப்புதான் காரணம். வேலைக்குப் போய்க்கொண்டு, பிள்ளையைப் பார்த்துக்கொண்டு படிக்கிற ஒருவர் இந்தச் சுற்றில் வாசிப்பும் கேட்பதும், அடுத்த சுற்றில் பேச்சு, அதற்கடுத்து எழுத்து என்று ஒவ்வொன்றாகத் தாண்டிப் போகலாம். நான் அப்படித்தான் போனேன். வாசிப்பு, கேட்பது, பேச்சு மூன்றிலும் பி2 வந்து, எழுத்தில் மட்டும் பி1 நின்றது. எழுத்தை மட்டும் திரும்ப எழுதினேன். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் தாண்ட வேண்டிய தேர்வாக இருந்திருந்தால் நான் பாதியில் விட்டிருப்பேன்.

ட்ரின் 3 வேறு வகை. அது தேர்வு என்பதை விட ஒரு படிப்பு. வாரத்துக்குப் பல மணி நேரம் வகுப்பு, வீட்டுப்பாடம், செமஸ்டர் முடிவில் பரீட்சை. ஒஸ்லோ, பெர்கன், ட்ரொண்ட்ஹைம் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. ஏற்கெனவே அங்கே மாணவராகவோ ஆராய்ச்சியாளராகவோ இருப்பவருக்கு இதை விட நல்ல வழி கிடையாது என்று தயங்காமல் சொல்வேன், ஏனென்றால் திருத்திக் கொடுக்க ஆசிரியர் இருக்கிறார், கூடவே கற்கும் கூட்டம் இருக்கிறது. வெளியே இருந்துகொண்டு, வேலையும் பார்த்துக்கொண்டு அதில் இடம் பிடித்துப் படிப்பது சிரமம். ஆங்கிலத்தில் நடக்கும் முதுகலைக்கு வருகிறவர்களுக்கு இவை எதுவுமே சேர்க்கைக்கு வேண்டாம், ஆனால் படிப்பு முடிந்து வேலை தேடும்போது மொழி இல்லாமல் எத்தனை கதவுகள் மூடியிருக்கின்றன என்று அப்போதுதான் தெரிகிறது. முதல் செமஸ்டரிலேயே ட்ரின் 1-இல் சேர்ந்துவிடுங்கள்.

எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் பி2-இல் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் இதுதான். நார்வே மொழியில் சாதாரண வாக்கியத்தில் வினைச்சொல் இரண்டாம் இடத்தில் நிற்க வேண்டும். "நான் நேற்று கடைக்குப் போனேன்" என்பதை "நான் போனேன் கடைக்கு நேற்று" என்ற வரிசையில் சொல்வார்கள், அது வரைக்கும் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்குப் பழக்கம்தான். ஆனால் "நேற்று" என்று தொடங்கினால் "நேற்று போனேன் நான்" என்று திருப்ப வேண்டும், வினை இரண்டாம் இடத்தை விட்டு நகரக் கூடாது. ஆங்கிலம் இப்படிச் செய்யாது, தமிழில் வினை கடைசியில் நிற்கும், ஆக நமக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் உதவி இல்லை. அப்புறம் துணை வாக்கியத்துக்குள் போனால் "இக்கெ" என்ற எதிர்மறைச் சொல் வினைக்கு முன்னால் தாவிவிடும். பேசும்போது இந்தத் தப்பு செய்தால் கேட்பவர் கடந்துபோய்விடுவார். எழுத்தில் வரிக்கு வரி தெரியும். பி1 வாங்கியவர்களும் பி2 வாங்கியவர்களும் எழுதியதை எடுத்து வைத்துப் பார்த்தால் சொல்வளத்தை விட இந்த வரிசைதான் கண்ணில் படும் வித்தியாசம்.

நான் எழுத்தை இரண்டாம் முறை எழுதுவதற்கு முன்னால் செய்தது ஒன்றுதான். மூன்று மாதம் தினமும் பத்து வாக்கியம், ஒவ்வொன்றையும் காலம் அல்லது இடத்தில் தொடங்கி எழுதினேன். நேற்று, போன வருடம், நார்வேயில், என் கருத்துப்படி, அதனால், இருந்தாலும். பத்து வாக்கியம், அவ்வளவே. கூடவே தட்டச்சு. தேர்வு கணினியில் என்பதால் நார்வே விசைப்பலகையில் பழகியிருக்க வேண்டும், இந்த மொழியின் 29 எழுத்துகளில் கடைசி மூன்றும் வலது சுண்டுவிரல் பக்கம் இருக்கின்றன, நம் மடிக்கணினியில் அந்த இடத்தில் புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் இருக்கும். தேர்வன்று அதைத் தேடிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும்.

பூக்மோலா நீநோர்ஸ்கா என்ற கேள்விக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். இரண்டும் அதிகாரபூர்வ எழுத்து வடிவங்கள், எதில் எழுதினாலும் மதிப்பு ஒன்றே. நீங்கள் வகுப்பில் கற்றது எதுவோ அதிலேயே எழுதுங்கள். மேற்குக் கடற்கரை கிராமங்களில் இருப்பவர்கள் சிலருக்கு நீநோர்ஸ்க் இயல்பாக இருக்கும், மற்ற எல்லாருக்கும் பூக்மோல். இரண்டையும் கலந்து எழுதுவதுதான் ஆபத்து.

கேட்டுப் புரிதலில்தான் வட்டாரப் பேச்சு வந்து நிற்கும். இந்த நாட்டில் "பொதுவான பேச்சுமொழி" என்று ஒன்றை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, டாக்டரும் அமைச்சரும் தங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசுவார்கள். "நான்" என்பதற்கு ஒஸ்லோவில் "யை", நான் இருக்கும் ஸ்தவாங்கரில் "எக்", வடக்கே போனால் ஒரே உயிரெழுத்தாக "ஏ" மாதிரி ஒன்று. புத்தகத்தில் "யை" மட்டும் படித்துவிட்டு வந்தால் தேர்வில் இல்லாவிட்டாலும் பஸ் ஸ்டாப்பில் திணறுவோம். 1980-களில் வடகோடி மாவட்டமான ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்த ஈழத்தமிழர்கள் பலர் மொழியைக் கேட்டது அந்த வடக்குப் பேச்சில்தான். அப்படி வந்த ஒரு பெரியவர் இங்கே இருக்கிறார், இன்றும் அவர் நார்வே மொழி பேசினால் வடக்கத்தி ஆள் பேசுவது மாதிரியே இருக்கும், உள்ளூர்க்காரர்களே "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று ஆசையாகக் கேட்பார்கள். அவர் வகுப்புக்குப் போய்ப் படித்ததை விட மீன் வெட்டும் மேசையில் கேட்டது அதிகம். கேட்பதற்கு அதை விட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. நமக்கு அந்த மேசை இல்லை, அதனால் என்ஆர்கே வானொலியில் உங்கள் மாவட்ட ஒலிபரப்பைத் தினமும் அரை மணி நேரம் போட்டுவிட்டுச் சமையுங்கள், வாசிப்புக்கு எளிய நார்வே மொழியில் வரும் கிளார் தாலெ செய்தித்தாளில் தொடங்குங்கள், பி2 நெருங்கும்போது அதை விட்டுவிட்டு உள்ளூர்ச் செய்தித்தாளுக்கு மாறுங்கள்.

அடுத்து, வகுப்பில் சேர்வதா, சொந்தமாகப் படித்து எழுதுவதா. குடும்ப இணைப்பில் வந்தவர்களில் பலருக்கு கொம்யூனே, அதாவது உள்ளாட்சி நிர்வாகம், இலவச வகுப்பு கொடுக்கும், உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்று வந்த உடனே கேளுங்கள், அதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போட்டால் போய்விடும். அந்த உரிமை இருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், போங்கள். வேலை விசாவில் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்குப் பொதுவாக இலவசம் கிடையாது, வகுப்புக்கும் தேர்வுக்கும் சொந்தக் காசு. இவர்களுக்கு என் கணக்கு இப்படி: வாசிப்புக்கும் கேட்பதற்கும் வகுப்பு வேண்டாம், தனியாகவே தேற முடியும். ஹெச்கே-டிர் தளத்தில் மாதிரித் தேர்வுகள் இலவசமாக இருக்கின்றன, அவற்றை நேரம் வைத்து எழுதிப் பாருங்கள். பேச்சுக்கும் பணம் செலவழிக்க வேண்டாம், நூலகங்களில் நடக்கும் மொழிக் கஃபேக்களுக்கும் செஞ்சிலுவைச் சங்கத்தின் பேச்சுப் பயிற்சிக்கும் வாரம் ஒரு முறை போனால் ஆறு மாதத்தில் நாக்கு இளகிவிடும், அங்கே வரும் ஓய்வுபெற்ற நார்வேக்காரர்கள் காட்டும் பொறுமைக்கு நான் வாழ்நாள் முழுவதும் கடன்பட்டிருக்கிறேன். காசு இருந்தால் எழுத்துக்குச் செலவிடுங்கள். எழுதியதைத் திருத்திக் கொடுக்கும் ஒரு ஆசிரியரைப் பிடியுங்கள். எழுத்துத் தப்பு எழுதியவர் கண்ணுக்குத் தெரியாது.

பதிவு பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. வருடத்தில் சில சுற்றுகள்தான் நடக்கும், பதிவு ஜன்னல் குறுகியது, பெரிய ஊர்களில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், பேச்சுக்கு இடம் தீருவது அதை விட வேகம். பதிவு தொடங்கும் நாளையே காலண்டரில் குறித்துவையுங்கள். முடிவு வர சில வாரங்கள் ஆகும், அதையும் சேர்த்து விண்ணப்பத் தேதிக்குப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். படிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்கள் இந்தக் கணக்கில்தான் ஒரு வருடத்தை இழக்கிறார்கள், மதிப்பெண்ணில் இல்லை.

போன வாரம் போன் செய்த தோழிக்கு வருவோம். அவள் கணவரோடு குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும், கூடவே இரண்டு வருடத்தில் நர்சிங் அங்கீகாரத்துக்கும் போக ஆசை. "ஒரேயடியா பி1–பி2 நாலும் போட்டுடறேன், எப்படியும் வேணும்ல" என்றாள். நான் வேண்டாம் என்றேன். இந்தச் சுற்றில் ஏ2–பி1 பேச்சு மட்டும். அது வந்துவிட்டால் குடியுரிமைக் கதவு திறந்துவிடும், மனதிலிருந்து ஒரு பாரம் இறங்கிவிடும். அடுத்து வாசிப்பும் கேட்பதும், அங்கே லெவல் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை என்பதால் எழுதிப் பார்த்தாலே தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். இரண்டிலும் பி2 வந்தால்தான் எழுத்துக்கும் பேச்சுக்கும் பி1–பி2. நேற்று இரவு பதிவு எண்ணை அனுப்பியிருந்தாள், பேச்சு, ஏ2–பி1. ஞாயிற்றுக்கிழமை காலை அவளும் நானும் என் வீட்டுச் சமையலறையில் ஒரு மணி நேரம் நார்வே மொழியில் மட்டும் பேசுவதாக ஏற்பாடு.